புதிதாய் இழுத்த பாதை

நாலரை மணிக்கு எலியட் எழுந்தான். அடுப்பில் கிடந்த கங்கைக் கிளறிவிட்டு இரண்டு மேப்பிள் விறகை உள்ளே தள்ளினான். முந்தின நாள் சாம்பலை வாளியில் அள்ளிக் கதவருகே வைத்தான். காப்பிக்குத் தண்ணீர் வைத்தான். நாலு கோப்பைக்கான பாத்திரம் அது. இரண்டு கோப்பைக்குக் குறைத்துப் போட்டால் சரியாக இறங்காது. அதனால் நாலுக்கும் போட்டு, ஒன்றைக் குடித்து, மூன்றைத் தொட்டியில் ஊற்றுவான்.

இரவு ஏழு அங்குலம் விழுந்திருந்தது. ஏரிப் பக்கமிருந்து வரும் பனி அது, எடையில்லாதது. தகரப் பலகையால் தள்ளினால் ஓசையில்லாமல் நகரும். வாசலிலிருந்து கொட்டகைவரை தள்ளினான். கூரையை அண்ணாந்து பார்த்தான். இன்னும் இரண்டு நாள் தாங்கும்.

நாலே முக்காலுக்கு மாமனார் வெர்ன் வந்தார். முதலில் தரையில் அதிர்வு தெரியும். பிறகு சத்தம். பிறகு டிராக்டரின் மஞ்சள் விளக்கு சமையலறை மேற்கூரையில் ஒரு சுற்றுச் சுற்றும். டிராக்டருக்குப் பின்னால் பேருந்து நீளத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். அதில் வரிசையாகக் கத்திகள், கடைசியில் ஒரு பெரிய தட்டு. மேடு பள்ளத்தைக் கத்தி சீவும், தட்டு அழுத்தும். சாலையின் அகலமும் அந்தத் தட்டின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. பனிக்காலம் முழுக்க வெர்ன் ஊர்ப் பக்கமிருந்து அதை இழுத்துக்கொண்டு, வீட்டைத் தாண்டிக் காட்டுக்குள் போவார், மேட்டு முனைவரை. அங்கே திருப்பி, சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்.

வீட்டைத் தாண்டும்போது வெர்ன் முன்விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டார். அது மகளுக்கு அவர் சொல்லும் காலை வணக்கம். கெய்சா சமையலறை விளக்கை அணைத்துப் போட்டுப் பதில் சொல்வாள். இப்போது எலியட் எழுந்துபோய் அந்த சுவிட்சை அணைத்துப் போட்டான். திரும்ப வந்து உட்கார்ந்தான்.

இழுத்த பாதை இறுக இரண்டு மணி நேரம் வேண்டும். இறுகிவிட்டால் சிமெண்டுத் தரை. இறுகுமுன் ஏறினால் ரவை மாதிரி உதிரும். உதிர்ந்தது அப்படியே உறையும். அதனால் ஸ்லெட், அதாவது பனிமேல் சறுக்கி ஓடும் மோட்டார் வண்டி, வைத்திருக்கும் இந்தப் பக்கத்து ஆட்கள் அந்த இரண்டு மணி நேரமும் ஏற மாட்டார்கள். யாரும் எழுதி ஒட்டிய விதியில்லை. அடுத்த வீட்டுக்காரன் ஈரம் காயாத வர்ணத்தில் கை வைக்கக் கூடாது என்பதைப் போன்றது.

ஏழேகாலுக்கு எலியட் ஸ்லெட்டைக் கிளப்பினான். ஊர்ப் பக்கம் நாலு மைல் போனால், சாலையில் பனி வாரும் வண்டி திரும்பும் இடம் வரும். அங்கேதான் எல்லோரும் கார்களை நிறுத்தியிருப்பார்கள். இரண்டரை மைலில் ஆட்டர் ஓடை. அங்கே அவன் வலப்பக்கம் பார்ப்பதில்லை.

*

வீட்டைத் தாண்டி ஓடும் அந்த நாற்பத்தாறாம் எண் காட்டுச் சாலை கோடையில் எல்லா வண்டிக்கும் உரியது. டிசம்பர் முதல் மார்ச் முடியும்வரை ஸ்லெட்டுக்கு மட்டும். சக்கரம் வைத்தது எதுவும் ஏறக் கூடாது. நான்கு வருஷத்துக்கு முன்னால் காட்டிலாகா போட்ட உத்தரவு. கேட்டு வாங்கியது ஊர் ஸ்லெட் சங்கம். சங்கத்தின் தலைவர் வெர்ன். கடிதம் எழுதியவன் எலியட். கல்லூரியில் காட்டியல் படித்தவன் ஊரில் அவன் ஒருவன்தான். இரண்டு பக்கம் எழுதினான். சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியபோது கெய்சா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். ஒரு வாக்கியம் அவள் சொல்லி அவன் எழுதியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பனிக்காலமும் அவர்களுடைய காட்டு வண்டி கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. இரண்டு இருக்கை, நாலு பெரிய டயர், கூரை, கதவு, ஹீட்டர் எல்லாம் உள்ள வண்டி.

வருகிற பதினெட்டாம் தேதி வந்தால் கெய்சா போய் ஒரு வருஷம்.

*

புதன்கிழமை வேலை முடிந்து ரூடியின் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினான். கண்ணாடிக் கதவில் கெய்சாவின் படம் ஒட்டியிருந்தது. கையில் ஒரு பெரிய மீன், மூக்கு சிவந்திருந்தது, வாய் பேச்சின் நடுவில் திறந்திருந்தது. படத்துக்குக் கீழே ஐலீனின் கையெழுத்து: 'வியாழன் மாலை ஆறு மணி, ஊர் மண்டபம். நாற்பத்தாறைத் திறக்க வேண்டும்.' ஐலீன் கெய்சாவின் அம்மா.

"வாப்பா," என்றான் ரூடி. "இன்னிக்கு எத்தனை மரத்துக்குத் தூக்குத் தண்டனை?"

வெட்ட வேண்டிய மரங்களைத் தேர்ந்து நீலச் சாயம் அடிப்பது எலியட்டின் வேலை.

"நூத்தி நாப்பது."

"பாவி. ராத்திரி தூக்கம் வருதா உனக்கு?"

"வருது."

"காலையில ரெண்டு பேர் வந்தானுங்க. வெளியூர்க்காரனுங்க, பாலத்துக்குத் தெக்கேருந்து. டயர் வண்டியை டிரெய்லர்ல ஏத்திட்டு வந்திருக்கானுங்க. 'இந்தக் காட்டு ரோட்டுல பனியை எப்ப எடுப்பீங்க'ன்னு கேக்கிறான். மே மாசம்னேன். 'அவ்வளவு நாளாகுமா, யாரு எடுக்கிறா'ங்கிறான். சூரியன்னு சொன்னேன். எழுதிக்கிட்டான்டா. போன்ல எழுதிக்கிட்டான்."

எலியட் சிரிக்க வேண்டிய இடம் அது. உதட்டை அசைத்தான். ரூடி கல்லாவைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டான்.

"நாளைக்கு நீ பேசுறியாமே?"

"யார் சொன்னா?"

"ஐலீன் சொன்னாங்க. மத்தியானம் வெர்னும் அதையே சொன்னாரு. ரெண்டு பக்கமும் நீயேதான் பேசப்போறியா? இடையில தண்ணி குடிக்க நேரம் விடுவாங்களா?"

"தெரியல ரூடி."

"நான் ஒண்ணும் கேக்கல. எனக்கு ரெண்டு வண்டிக்காரனும் வேணும். ரெண்டும் பெட்ரோல்தான் குடிக்குது." சில்லறையைக் கொடுத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "படத்தை எடுக்கணும்னா சொல்லு, எடுத்துடுறேன். ஐலீன் கேட்டா காத்து அடிச்சிடுச்சும்பேன்," என்றான்.

"இருக்கட்டும்," என்றான் எலியட்.

*

புதன்கிழமை இரவுச் சாப்பாடு மாமனார் வீட்டில். கல்யாணமான நாளிலிருந்து அது வழக்கம். நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

ஐலீன் பேஸ்டி செய்திருந்தாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்து மாவை மடித்துச் சுடுவது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மாவைக் கிள்ளி அவரவர் பெயரின் முதலெழுத்தை ஒட்டுவாள். எலியட்டுடையதில் எழுத்து இருந்தது. அவளுடையதில் இருந்தது. வெர்னுடையதில் இல்லை. பத்து மாதமாக இல்லை.

"கெச்சப் வேணுமான்னு அவரைக் கேளு," என்றாள்.

வெர்ன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கை நீட்டினால் அவள் தட்டைத் தொடலாம்.

"வேணும்னு சொல்லு," என்றார்.

எலியட் புட்டியை நகர்த்தினான்.

"நாளைக்கு என்ன பேசணும்னு யோசிச்சு வச்சிட்டியா?"

"இன்னும் இல்ல, ஐலீன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்த வண்டி கொட்டகையில சும்மா நின்னுச்சு. கூரை இருக்கு, கதவு இருக்கு, பெல்ட் இருக்கு. அதை எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதனால என் பொண்ணு வெட்டவெளியில ஸ்லெட்டுல உக்காந்து போனா. போனவ வரல. இதை எழுந்து நின்னு சொல்ல உனக்கு எத்தனை நாள் வேணும்?"

"உத்தரவு நான் போடலன்னு சொல்லு," என்றார் வெர்ன் தட்டைப் பார்த்து.

"கெஞ்சி வாங்கினது யாருன்னு கேளு."

"கடிதம் எழுதினது நான்," என்றான் எலியட்.

ஐலீன் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். 

"நீ எழுதினே," என்றாள் ஐலீன். "எழுத வச்சது யாருன்னு தெரியும். உன்னை யாரும் குத்தம் சொல்லல."

"சொல்லலாம்."

"சாப்பிடு. ஆறுது."

வெர்ன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "சக்கரம் விட்டா ரெண்டு நாள்ல பள்ளம் விழும். பள்ளம் உறைஞ்சா இரும்பு. அதுல ஸ்லெட் ஏறினா ஆளைத் தூக்கி மரத்துல அடிக்கும். அப்படித்தான் ஒருத்தன் போனான், கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்துச்சு அவனுக்கு. தூக்கிட்டு வந்தவன் நான். அதையும் சொல்லு அவளுக்கு."

"அவனுக்காக மூடினீங்க," என்றாள் ஐலீன். "இவளுக்காகத் திறங்க."

பல மாதங்களுக்குப் பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது அது. வெர்ன் எழுந்து, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஏலக்காய் ரொட்டியில் இரண்டு துண்டு காகிதத்தில் மடித்து ஐலீன் எலியட்டிடம் கொடுத்தாள். "அவருக்கு ஒண்ணு கொடு. நான் கொடுத்தேன்னு சொல்லாதே."

வெர்ன் விறகடுக்கின் பக்கத்தில் நின்றிருந்தார். ரொட்டியை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எலியட். அன்னிக்குப் பாதை நல்லா இருந்துச்சு. முப்பது வருஷமா இழுக்கிறேன், அவ்வளவு நல்லா எப்பவும் வந்ததில்ல. பனியும் குளிரும் அப்படி அமைஞ்சுது. மேசை மாதிரி. அதுல போறவ எதுக்கு விழணும்?"

எலியட் அடுக்கில் சரிந்திருந்த ஒரு விறகை உள்ளே தள்ளினான்.

"மான் குறுக்கே வந்திருக்கும். அதுக்காக அவ திருப்பியிருப்பா. அவ மானை இடிக்க மாட்டா, தெரியுமில்ல? சின்ன வயசுல என் லாரியில ஒரு குட்டி அடிபட்டுச்சு. ஒரு மாசம் என்கூடப் பேசல. மானாத்தான் இருக்கும். உனக்கு என்ன தோணுது?"

"இருக்கலாம்," என்றான் எலியட்.

*

மான் இல்லை.

கெய்சா போன அன்று அவனுக்கு வேலை இல்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. கெய்சா ஊரில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். எட்டு மணிக்குக் கஞ்சி பரிமாற வேண்டும். ஏழு மணிக்குக் கிளம்புவாள்.

வழக்கமாக நாலே முக்காலுக்கு வரும் வெர்ன் அன்று ஆறே முக்காலுக்குத்தான் வீட்டைத் தாண்டினார். விளக்கை அணைத்துப் போட்டார். கெய்சா ரொட்டியை வாயில் கவ்வியபடி சுவிட்சைத் தட்டினாள். ஏழு மணிக்குக் காலணி மாட்டி, கோட்டு மாட்டி, வாசலில் நின்றாள். பாதையைப் பார்த்தாள். ஒன்று சொன்னாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

எட்டரைக்கு இல்லத்திலிருந்து போன் வந்தது. கெய்சாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

எலியட் இன்னொரு ஸ்லெட்டை எடுத்துக்கொண்டு போனான். பாதையின் மேல் ஒரு தடமும் இல்லை. பாதைக்கு வெளியே, வலது ஓரத்தில், மரங்களுக்கும் பாதைக்கும் இடையில் இருந்த ஆழமான பனியில் ஒரு ஸ்லெட் தடம் ஓடியது. பாதி மூடியிருந்தது. வீட்டு வாசலிலிருந்து ஆரம்பித்து இரண்டரை மைல் பாதைக்குப் பக்கத்திலேயே வந்தது. ஓர் இடத்தில்கூட மேலே ஏறவில்லை.

ஆட்டர் ஓடை சாலைக்கு அடியில் குழாய் வழியாகப் போகிறது. நீர் ஓடிக்கொண்டேயிருப்பதால் குழாய் வாய்ப்பக்கம் பனிக்கட்டி பிடிக்காது. பிடித்தாலும் மெல்லிய தகடு. மேலே இரண்டடிப் பனி மூடிவிட்டால் தரை எது, தண்ணீர் எது என்று தெரியாது. அங்கே வளர்ந்த எல்லோருக்கும் அது தெரியும். கெய்சாவுக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு முப்பதடி மட்டும் பாதையின் மேல் ஏறி இறங்கியிருந்தால் போதும். கொட்டுகிற பனியில் ஓடை வரும் இடத்தை முப்பதடி தப்பாகக் கணக்கிட்டாள்.

தண்ணீர் அவன் நெஞ்சளவுதான் இருந்தது. ஸ்லெட் அவள் மேல் கிடந்தது.

கால் மணி கழித்து மேட்டு முனையிலிருந்து திரும்பிய வெர்ன் வந்தார். அதற்குள் காற்று தடத்தை மூடிவிட்டது. பிறகு வந்த ஆட்களின் ஸ்லெட்டுகள் எல்லாவற்றையும் மிதித்துவிட்டன. அந்தத் தடத்தைப் பார்த்தவன் எலியட் மட்டும். அவள் ஏன் ஓரத்தில் போனாள் என்று தெரிந்தவனும் அவன் மட்டும்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று ஐலீன் கேட்டபோது, 'போயிட்டு வரேன்'னு சொன்னா என்றான். போலீஸ்காரரிடமும் அதையே சொன்னான். வெர்னிடமும் அதையே சொன்னான். சொல்லச் சொல்ல அது எளிதாகிவிட்டது.

*

வியாழன் மாலை ஊர் மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். கோட்டுகளிலிருந்து சொட்டிய தண்ணீரில் தரை ஈரமாக இருந்தது. பின்னால் பெரிய பாத்திரத்தில் காப்பி. ஸ்லெட் சங்கத்தார் ஜன்னல் பக்கம், டயர் வண்டிக்காரர்கள் சுவர்ப் பக்கம். கல்யாண வீட்டில் பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் உட்கார்வதைப்போல. எலியட் கடைசி வரிசையில் கதவருகே உட்கார்ந்தான்.

காட்டிலாகாவிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தாள். தொண்டைக்கட்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இருமினாள்.

"இந்த உத்தரவு எந்த அடிப்படையில வந்ததுன்னு சிலர் கேட்டிருக்காங்க. அதனால சங்கம் அப்ப கொடுத்த கடிதத்துல ஒரு பகுதியைப் படிக்கிறேன்," என்றாள். படித்தாள். பள்ளத்தின் ஆழம், உறையும் நேரம், வேகம் எல்லாம் வந்தன. எலியட்டுக்குத் தன் வாக்கியங்கள் வேறு யாருடையதோபோலக் கேட்டன. பிறகு அது வந்தது.

"'புதிதாக இழுத்த பாதையில் முதல் இரண்டு மணி நேரம் ஏறாமலிருப்பதை இங்குள்ளவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அது ஒருவரின் இரவு முழுவதையும் கொண்ட உழைப்பு என்று இங்கே குழந்தைக்கும் தெரியும்.'"

அதுதான் கெய்சா சொன்ன வாக்கியம். தோளில் மோவாயை வைத்துக்கொண்டு சொன்னாள். 'குழந்தைக்கும்'னு போடு, என்னைத்தான் சொல்றேன், என்றாள்.

ஐலீன் எழுந்தாள். காகிதம் வைத்திருந்தாள், பார்க்கவில்லை.

"எனக்குப் பள்ளம் தெரியாது, ஆழம் தெரியாது. என் பொண்ணுகிட்ட ஒரு நல்ல வண்டி இருந்துச்சு. அது பூட்டிக் கிடந்துச்சு. பனியைக் காப்பாத்த உத்தரவு போட்டீங்க. மே மாசம் உருகிப்போறது அது. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

சுவர்ப் பக்கம் கை தட்டினார்கள். ஜன்னல் பக்கமும் இரண்டு மூன்று பேர் தட்டினார்கள்.

வெர்ன் எழுந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். "என் மனைவி சொன்னதுல பொய் இல்ல. ஆனா அன்னிக்குப் பாதை நல்லா இருந்துச்சு. இழுத்தவன் நான், சொல்றேன். அவ அதுலயே போயிருந்தா இன்னிக்கு இங்க உக்காந்திருப்பா. எதுக்கு இறங்கினாள்னு எனக்குத் தெரியல. மான் வந்திருக்கும்னு நெனைக்கிறேன். மான்தான்." தொப்பியை ஒருமுறை சுற்றினார். "பாதை மேல தப்பில்ல," என்று சொல்லி உட்கார்ந்தார்.

அந்தப் பெண் பட்டியலைப் பார்த்தாள். "எலியட் கார்ப்பெலா."

அவன் எழுந்தான். எல்லாத் தலைகளும் திரும்பின. வெர்ன் திரும்பவில்லை. அவருடைய பிடரியில் முடி வெட்டிய கோடு வெள்ளையாகத் தெரிந்தது. எலியட் அந்தக் கோட்டைப் பார்த்தான். கெய்சாதான் மாதம் ஒருமுறை அவருக்கு முடி வெட்டுவாள். இப்போது யார் வெட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. கோணலாக இருந்தது.

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல," என்றான்.

இந்தப் பனிக்காலம் முடியும்வரை உத்தரவில் மாற்றமில்லை என்றும், மாத முடிவுவரை எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம் என்றும் அந்தப் பெண் சொன்னாள். நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தார்கள்.

வெளியே ஐலீன் அவனுக்காகக் காத்திருந்தாள். மூச்சு புகையாக வந்தது.

"ஒரு வார்த்தை பேசலயே நீ, அவளுக்காக."

"ஆமா."

"எழுத மட்டும் வருது. அன்னிக்கு அவருக்காக ரெண்டு பக்கம் எழுதினே. இன்னிக்கு என் பொண்ணுக்காக ஒரு வரி வரல." கையுறையால் மூக்கைத் துடைத்தாள். "போயிட்டு வரேன்னு சொன்னாள்னு சொன்னியே. அதுவாவது நெசமா?"

"நெசம்," என்றான் எலியட்.

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே புதன்கிழமை வர வேண்டாம்," என்றாள். காருக்கு நடந்தாள். பாதி வழியில் நின்று, திரும்பாமலே, "கழுத்தை மூடிக்கிட்டுப் போ," என்றாள்.

வீட்டுக்கு வந்தவன் உடனே உள்ளே போகவில்லை. கொட்டகைக்குப் போய்க் காட்டு வண்டியின் பாட்டரியைச் சார்ஜரில் மாட்டினான். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

*

நாலரை மணிக்கு எழுந்தான். கங்கைக் கிளறினான். இரண்டு விறகு. நாலு கோப்பைத் தண்ணீர்.

நாலே முக்காலுக்குத் தரை அதிர்ந்தது. மஞ்சள் விளக்கு கூரையில் சுற்றியது. முன்விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. எலியட் எழுந்திருக்கவில்லை. டிராக்டர் வாசலுக்கு நேரே வேகம் குறைந்தது. இன்னொரு முறை அணைந்து எரிந்தது. அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சத்தம் காட்டுக்குள் போய்த் தேய்ந்தது.

கொட்டகையில் தார்ப்பாயை இழுத்துப் போட்டான். வண்டி முதல் தடவையே கிளம்பியது. அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. கிளம்பாமலிருந்திருந்தால் உள்ளே போயிருப்பான்.

பாதை விளக்கொளியில் படுக்கை விரிப்புபோலக் கிடந்தது. கத்திகள் விட்ட மெல்லிய கோடுகள் சீப்பால் வாரியதைப்போல நீளமாக ஓடின. எலியட் வண்டியை நடுப்பாதையில் ஏற்றினான். டயர்கள் அமுங்கின. பனி இருபுறமும் உதிர்ந்து புரண்டது. கண்ணாடியில் பின்னால் பார்த்தான். இரண்டு கறுப்புப் பள்ளங்கள். இடப்பக்கம் திருப்பினான், வலப்பக்கம் திருப்பினான். சில இடங்களில் நிறுத்திச் சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். ஹீட்டர் காற்று முழங்காலில் பட்டது. இதமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஆட்டர் ஓடையில் நடுப்பாதையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்கினான். ஒரு வருஷத்தில் முதல் முறையாக வலப்பக்கம் பார்த்தான். சமதளமாக வெள்ளையாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் மெல்ல வந்தது.

ஏழு மணிக்கு வெர்னின் டிராக்டர் திரும்பி வந்தது. இருபதடி தள்ளி நின்றது. இன்ஜினை ஓடவிட்டபடி வெர்ன் இறங்கினார். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார்.

"எவனோ தெக்கத்திக்காரன்னு திட்டிக்கிட்டே வந்தேன்," என்றார். "நீயா?"

"நான்தான்."

"வீட்டுலேருந்தேவா?"

"வீட்டுலேருந்தே."

"உடம்புக்கு ஏதாவதா? ஆஸ்பத்திரிக்குப் போறியா? விளக்கு போடலயே, அதான் கேக்கிறேன்."

"இல்ல. உடம்பு நல்லாத்தான் இருக்கு."

வெர்ன் காலணியை ஒரு பள்ளத்துக்குள் வைத்துப் பார்த்தார். கணுக்காலுக்கு மேல் போனது. "பின்ன என்னடா இது?"

"ஏறினா என்ன ஆகும்னு பாத்தேன்."

"என்ன ஆகும்? கெடும்." சுற்றிலும் பார்த்தார். "திரும்ப ஒரு வாட்டி இழுக்கணும். ரெண்டு மணி நேரம் எனக்கு வேலை. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? பனிதானே."

எலியட் வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். "பனிதானேன்னு எப்பவாவது அவகிட்ட சொல்லியிருக்கீங்களா, வெர்ன்?"

 டிராக்டரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வெர்ன் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு பாதையின் ஓரத்தைப் பார்த்தார். மரத்துக்கும் பாதைக்கும் நடுவில் கிடந்த தொடாத பனியைப் பார்த்துக்கொண்டே, வீடு இருக்கும் திசையில் கண்ணைக் கொண்டுபோனார். அங்கிருந்து மெல்லத் திருப்பி ஓடைக் குழாய்க்குக் கொண்டுவந்தார்.

"அன்னிக்கு நான் லேட்டு," என்றார். "எண்ணெய்க் குழாய் வெடிச்சிடுச்சு. மாட்டி முடிக்க ரெண்டு மணி நேரமாச்சு. மறுநாள் இழுத்திருக்கலாம். பனி நல்லா இருந்துச்சேன்னு போனேன்."

"தெரியும்."

"மான் இல்லையா?"

"மான் இல்ல."

"தடம் பாத்தியா?"

"பாத்தேன். வாசல்லேருந்து இதுவரைக்கும். ஓரத்துலயே."

வெர்ன் இடது கை உறையைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். மறுபடி கழற்றினார். பிறகு பள்ளத்தின் விளிம்பிலேயே, கால்களைப் பள்ளத்துக்குள் விட்டு, உட்கார்ந்துவிட்டார்.

"அவ என்ன சொன்னா?" என்றார். "போயிட்டு வரேன் எனக்கு வேண்டாம். சொன்னதைச் சொல்லு."

எலியட் சொன்னான். வாசலில் நின்று, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதையைப் பார்த்துச் சிரித்து, அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

"அப்பா எவ்வளவு அழகா இழுத்திருக்காரு பாரு. இப்ப ஏறினா கெட்டுப்போயிடும், நான் ஓரமாவே போய்க்கிறேன்."